தம்பி விழுங்கிய குண்டுமணி

எட்டு வயதில், மூன்று நாட்கள், என் தம்பியை நான் கொன்றுவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு வாழ்ந்தேன். அந்த மூன்று நாட்களில் என்னைவிட நல்ல பிள்ளை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கிடையாது. சொன்ன வேலையைச் செய்தேன். சொல்லாத வேலையையும் செய்தேன். அம்மாவுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் அவளுக்கு ஆச்சரியப்பட நேரமில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் வேலியில் படர்ந்திருந்த குண்டுமணிக் கொடி. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், அதில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அதனால் பக்கத்து நிலம், மழைத்தண்ணீர் ஓடும் கான் வரைக்கும், எங்களுக்கென்று ஆகியிருந்தது. தோட்டத்தை நடத்திய துரை அதை எழுதிக் கொடுக்கவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அம்மா அதில் போஞ்சி, பூசணி, கீரை, வல்லாரை, இரண்டு வாழை என்று வைத்திருந்தாள். வேலி முழுக்கக் குண்டுமணி. புதிதாகப் பார்க்கிறவர்கள் அழகுக்காக விட்டிருக்கிறாள் என்று நினைப்பார்கள். நாங்கள் அதைத் தின்றோம்.

அதன் இலை புளிய இலை மாதிரி சின்னச் சின்னதாக இருக்கும். வாயில் போட்டதும் வெறும் பச்சை வாசனைதான். நாலைந்து தடவை மென்ற பிறகு அடிநாக்கில் இனிப்பு மெதுவாக ஊறும். துப்பின பிறகும் போகாது. அதன்மேல் தண்ணீர் குடித்தால் தண்ணீரும் இனிக்கும். சீனி தீர்ந்துபோன நாட்களில் அம்மா ஆளுக்கு ஓர் இணுக்கு கிள்ளிக் கொடுத்து, அதை மென்றுகொண்டே பாலில்லாத சாயத்தண்ணியைக் குடிக்கச் சொல்வாள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர்கள் வீட்டில் குடித்தது கடைசித் தூளில் போட்ட சாயம். நிறமும் கசப்பும் தவிர அதில் வேறொன்றும் இருக்காது. இலை இல்லாவிட்டால் அதைக் குடித்திருக்க முடியாது. இருமல் வந்தாலோ வாயில் புண் வந்தாலோ, ஒரு கைப்பிடி இலையை இடித்துப் பிழிந்து, சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு ஊற்றிக் காய்ச்சுவாள். அந்தப் பச்சைக் கஞ்சியை நான் அழுதுதான் குடிப்பேன். ஆனால் அடுத்த நாள் தொண்டை திறந்திருக்கும்.

கொடியைக் கொடுத்தது மெனிக்கே. தேயிலைத் தோட்டத்தின் கீழ் எல்லையில் ஒரு பெரிய கான் ஓடியது. அதைத் தாண்டினால் சிங்களவர்களின் கிராமம், வயல், பலாமரங்கள். மெனிக்கேயின் வீடு அங்கேதான். வெற்றிலையும் பலாக்காயும் எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறி வருவாள். அம்மாவை ‘நங்கி’ என்பாள், தங்கச்சி என்று அர்த்தம். அம்மா அவளை ‘அக்கே’ என்பாள். அம்மாவின் சிங்களமும் மெனிக்கேயின் தமிழும் சேர்ந்தால் ஒரு முழு மொழி அளவுக்கு வரும். அவள் அந்தக் கொடிக்குச் சொன்ன பெயர் ஒலிந்த. விதையை வெந்நீரில் ஊறப்போட்டு, ஊதிப்போனதை மட்டும் நடவேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். மழை தொடங்கும்போது அம்மா நட்டாள். முதல் வருடம் போஞ்சிக் கம்பைப் பிடித்து ஏறியது. இரண்டாம் வருடம் வேலியைக் காணோம், கொடிதான் இருந்தது. எங்கள் தோட்டம் வலப்பனைப் பக்கம், சரிவில் கீழே இருந்ததால் வெயிலுக்குக் குறைவில்லை. லிந்துலையிலிருந்த பெரியப்பா ஆசைப்பட்டு விதை கொண்டுபோய் நட்டார். அங்கே பனியில் இரண்டு இலையோடு கருகிப்போனது.

விதையைப் பற்றியும் மெனிக்கே சொல்லியிருந்தாள். இலையைக் காட்டி வயிற்றைத் தடவிச் சிரித்தாள். சிவப்பு விதையைக் காட்டி, கண்ணை மூடித் தலையைத் தோளில் சாய்த்து நாக்கை நீட்டினாள். அம்மா அதை எங்களுக்கு அப்படியே நடித்துக் காட்டினாள். காய் பச்சையாக இருக்கும்போதே எல்லாவற்றையும் கிள்ளி அடுப்பில் போட்டுவிடுவாள். ஆனால் வேலிக்கு வெளிப்பக்கம், கானுக்கு மேலே தொங்கிய காய்கள் அவள் கண்ணில் படவில்லை. என் கண்ணில் பட்டன. முற்றி வெடித்து, உள்ளே வரிசையாகச் சிவப்பு மணி, ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு. அப்படிப் பதினோரு மணிகளைத் தைல டப்பா ஒன்றில் போட்டு வாழை மரத்தடியில் ஒளித்து வைத்திருந்தேன். ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. நாக்கை நீட்டிச் சாகும் ஆசை எனக்கில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா விறகுக்குப் போயிருந்தாள். அப்பா பஜாருக்குப் போயிருந்தார். இரண்டு வயதுத் தம்பி என் பொறுப்பில். நான் கான் ஓரத்துக் களிமண்ணைப் பிசைந்து ஒரு பிள்ளையார் செய்தேன். தும்பிக்கை மூன்று தடவை விழுந்து நாலாவது தடவை நின்றது. கண்ணுக்கு இரண்டு குண்டுமணியை எடுத்துப் பதித்தேன். எட்ட நின்று அழகு பார்த்தேன். அந்த நேரத்துக்குள் தம்பி பிள்ளையாரின் வலது கண்ணைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

பாய்ந்து போய் வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. விரலை விட்டுத் துழாவினேன். விரலைக் கடித்தான். பிறகு சிரித்தான். ஒற்றைக் கண்ணோடு பிள்ளையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கிக் கானில் கரைத்தேன். டப்பாவையும் அதே தண்ணீரில் விட்டேன். கொலையோடு சாமி குற்றமும் சேர்ந்துகொண்டது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அப்பா பொழுது இறங்கும் முன்னாலேயே திரும்பிவிட்டார். கையில் சாமான் பை காலியாக இருந்தது. கடைகளைச் சாத்திவிட்டார்களாம். வந்தவர் அம்மாவைக் கூப்பிட்டு அடுப்படியில் தணிந்த குரலில் வெகுநேரம் பேசினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையும் தம்பியையும் பார்த்தாள். அன்று எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் விளக்கைச் சீக்கிரம் அணைத்தார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வலப்பனை பஸ் வரவில்லை. அதில் வரவேண்டிய வாத்தியாரும் வரவில்லை. பள்ளிக்கூடம் இல்லாததால், கொழுந்து பறிக்கிறவர்களின் கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். தம்பி உள்ளே இருந்தான். ஆயா இரண்டு முறை விரட்டினாள். மூன்றாம் முறை விட்டுவிட்டாள். தம்பி எப்போது கண்ணை மூடித் தலையைச் சாய்ப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் எல்லாப் பிள்ளைகளோடும் அவனும் கண்ணை மூடித் தூங்கினான். நான் உள்ளே ஓடி அவனை உலுக்கி எழுப்பினேன். ஆயா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

சாகப்போகிறவனுக்கு ஆசைப்பட்டதைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். என் பங்கு ரொட்டியைக் கொடுத்தேன். அப்பா எனக்கென்று வைத்திருந்த வெல்லக் கட்டியைக் கொடுத்தேன். பாதி பழுத்த கொய்யாக்காய் மூன்றைப் பறித்துக் கொடுத்தேன். குண்டுமணி இலையைக் கைநிறையக் கொடுத்தேன், கொடி செய்த பாவத்துக்குக் கொடியே ஏதாவது செய்யட்டும் என்று. அவன் எல்லாவற்றையும் தின்றான்.

அன்று சாயங்காலம் ஆண்கள் லயத்து முனையில் கூடிக் கூடி நின்றார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நாட்டில் பல இடங்களில் தமிழ் பேசுகிறவர்களை அடித்தார்கள், கடைகளைக் கொளுத்தினார்கள், லொரியில் ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த செய்தி ஒன்றுதான். அது என் தம்பியின் வயிற்றில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பெண்களைக் கூப்பிடவில்லை. ஆண்கள் எல்லோரும் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குக் காவலுக்குப் போய்விட்டார்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தம்பி அம்மாவின் சேலை முழுக்க வாந்தி எடுத்தான். பிறகு இன்னொரு தடவை எடுத்தான். கண் சொருகினாற்போல இருந்தது. இனி மறைக்க முடியாது என்று தெரிந்தது.

“அம்மா, தம்பி குண்டுமணிய முழுங்கிட்டான்.”

அம்மா அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“எப்ப?”

“ஞாயித்துக்கெழம.”

“கடிச்சானா, அப்படியே முழுங்குனானா?”

தெரியாது என்றேன். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கியிருந்தாள். நான் பின்னால் ஓடினேன். தோட்டத்து மருந்துக் காம்பரா பூட்டியிருந்தது. டாக்டரையா முதல் நாளே குடும்பத்தோடு ஹட்டனுக்குப் போய்விட்டார் என்று பக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள். அம்மா ஒரு நிமிடம் மேலே ஸ்டோர் பக்கம் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். கீழேதான் நடந்தாள்.

எல்லைக் கானுக்கு வந்ததும் நின்றாள். முந்தானையால் நெற்றிப் பொட்டை அழித்தாள். வேர்வையைத் துடைக்கிறாள் என்று நினைத்தேன். மூக்குத்தியைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். இறக்கத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கும். எச்சிலைத் தொட்டு என் பொட்டையும் தேய்த்து எடுத்தாள். பிறகு என் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

“கான் தாண்டுனா ஒரு வார்த்த பேசக் கூடாது. தம்பிகிட்டயும் பேசாத. நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்காத.”

மூன்று நாள் உண்மையை மறைத்ததற்கு இது சரியான தண்டனை என்று எனக்கே பட்டது. அடியைவிட இது நியாயமாக இருந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டு நடந்தேன்.

மெனிக்கேயின் வீட்டுக் கதவு பட்டப்பகலில் தாழிட்டிருந்தது. அம்மா பின்பக்கம் போய் மெதுவாக “அக்கே” என்றாள். கதவு திறந்தது. மெனிக்கே எங்களைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டு மறுபடி தாழிட்டாள். அம்மாவைச் சிங்களத்தில் தாறுமாறாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே ஜன்னலையும் சாத்தினாள். அம்மா தம்பியைக் காட்டி ‘ஒலிந்த’ என்றாள். திட்டு நின்றது.

மெனிக்கேயும் அதையேதான் கேட்டாள், கடித்தானா, விழுங்கினானா என்று. தம்பியை மடியில் போட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். வாயை முகர்ந்தாள். ஈறுகளையும் நாக்கையும் வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என்ன தின்றான் என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம் என்று அவள் தலையசைத்த பிறகு, ரொட்டி, வெல்லம், கொய்யாக்காய், இலை என்று வரிசையாகச் சொன்னேன். கொய்யாக்காய் எத்தனை என்று அம்மா கேட்டாள். மூன்று விரலைக் காட்டினேன். மெனிக்கே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் விட்டது.

இளநீர் வெட்டிக் கொடுத்தாள். பிறகு நாங்கள் காத்திருந்தோம். மெனிக்கேயின் மூத்த மகன், மீசை அரும்பிய பெரிய ஆள், முன்கதவின் இடுக்கில் கண்ணை வைத்தபடி நின்றுகொண்டே இருந்தான். சாயங்காலம் வருகிற நேரத்தில் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான். பின்பக்கம் வாழை மரத்தடியில் அவனை உட்கார வைத்தார்கள். அவன் எழுந்ததும் மெனிக்கே தென்னை ஈர்க்கு ஒன்றை ஒடித்துக்கொண்டு குந்தினாள். அம்மாவும் பக்கத்தில் குந்தினாள். இரண்டு பேரும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி தலையைக் குனிந்து தேடினார்கள்.

கிடைத்தது. மெனிக்கே அதைக் கழுவி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓடு உடைந்தால்தான் விஷமாம். ஒரு கீறல் இல்லை. பிள்ளையாருக்கு வைத்தபோது இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது.

“முழு மணி, நங்கி. பயம் இல்ல.”

அம்மா அவள் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரின் முதுகும் சத்தமில்லாமல் குலுங்கின. மெனிக்கே விதையை அடுப்பில் போட்டாள். அது பட்டென்று வெடித்தது. உடனே இரண்டு பேரும் திடுக்கிட்டு வாசல் கதவைப் பார்த்தார்கள். ஒரு குண்டுமணி வெடித்ததற்கு இவ்வளவு பெரிய ஆட்கள் பயப்படுகிறார்களே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

புறப்படும்போது மெனிக்கே தன்னுடைய சேலை ஒன்றை எடுத்து, கிராமத்துப் பெண்கள் கட்டுகிற மாதிரி இடுப்பில் கொசுவம் வைத்து அம்மாவுக்குக் கட்டிவிட்டாள். அம்மாவின் சேலையில்தான் வாந்தியாயிற்றே. அம்மா வேறு யாரோ மாதிரி இருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பேசக்கூடாது என்றுதான் உத்தரவு, சிரிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. இருந்தாலும் அடக்கிக்கொண்டேன்.

மெனிக்கேயின் மகன் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பாதையில் இருந்த சின்னப் பாலத்தருகே ஐந்தாறு பேர் நின்றார்கள். நான் பார்த்திராத ஆட்கள். ஒருவன் கையை நீட்டி நிறுத்தி ஏதோ கேட்டான். மகன் நிதானமாகப் பதில் சொன்னான், அம்மாவைக் காட்டி ஏதோ சொன்னான், தம்பியின் வயிற்றைக் காட்டினான். அம்மா தலைகுனிந்து நின்றாள். என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் விரல் வலித்தது. அந்த ஆள் கிட்டே வந்து தம்பியின் கன்னத்தைத் தட்டி அவனிடமே ஏதோ கேட்டான். தம்பிக்கு அந்த வயதில் திருத்தமாக வந்த சொல் ஒன்றுதான். அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி, “அம்மா” என்றான். அது இரண்டு பாஷைக்கும் பொதுவான சொல். அந்த ஆள் சிரித்துவிட்டு வழிவிட்டான்.

கானை நெருங்கியபோது அந்தப் பக்கம் மேட்டில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எங்கள் தோட்டத்து ஆண்கள், எல்லோர் கையிலும் கம்பு. முன்னால் அப்பா நின்றார்.

“யாரது? அங்கேயே நில்லு.”

அப்பா என்னை அப்படி ஒரு குரலில் ஒருநாளும் அதட்டியதில்லை.

“நாந்தாங்க,” என்றாள் அம்மா.

அப்பா அவளுடைய சேலையைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். கம்பைப் போட்டுவிட்டு அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தார். மெனிக்கேயின் மகன் கானைத் தாண்டவில்லை. அந்தக் கரையிலிருந்தே தம்பியை நீட்டினான். கூட்டத்தில் ஒருவர் இறங்கி வாங்கினார். அப்பா எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். அவன் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் திரும்பி வேகமாக நடந்தான்.

நான் அம்மாவின் கையை இழுத்தேன். அவளுக்குப் புரிந்தது.

“ம். இனிப் பேசு.”

“அப்பா, முழுசா வந்துருச்சுப்பா,” என்றேன்.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா சொன்ன பிறகு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் பெரியவர்கள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் காலை அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வேலிக்குப் போனார். அம்மா குறுக்கே நின்றாள். “கொடி என்னங்க செஞ்சிச்சு? எலையத்தானே திங்கிறோம். வெதையப் பாத்துக்கிறது எம் பொறுப்பு,” என்றாள். அதற்குப் பிறகு அவள் கானுக்குள் இறங்கி நின்று வெளிப்பக்கத்துக் காயையும் கிள்ளினாள். தம்பிக்கு வயிறு சரியாகும் வரை பச்சைக் கஞ்சிதான். எனக்கும் அதே கஞ்சி, அழாமல் குடிக்க வேண்டும் என்ற கட்டளையோடு. மெனிக்கேயின் சேலையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவள் மறுபடி வெற்றிலைக் கட்டோடு மேலே ஏறி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

வாத்தியார் வந்து பள்ளிக்கூடம் திறந்ததும் நான் இந்தக் கதையை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னேன். பிள்ளையாரை மட்டும் விட்டுவிட்டேன். என் தம்பி ஒரு விதையை விழுங்கியதற்காகத் தோட்டத்து ஆம்பளைகள் அத்தனை பேரும் கம்பு எடுத்துக்கொண்டு கான்கரைக்கு வந்துவிட்டார்கள் என்பதை மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னேன். உங்கள் வீட்டுக்கு யாராவது இப்படி வந்து நின்றார்களா என்றும் கேட்டேன். டவுனில் கடை வைத்திருந்தவரின் மகள் ஒருத்தி அந்த வாரம்தான் எங்கள் வகுப்பில் சேர்ந்திருந்தாள். கடை போய்விட்டதாம். தாயோடு மட்டும் மாமா காம்பராவுக்கு வந்திருந்தாள். அவள் சிலேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.